கிளட்ச் இல்லாத வண்டி

அவர் கையில் எதையும் கொடுத்துவிடலாம். திரும்ப வாங்குவதுதான் பாடு. அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படுகிறவர் என்று சொல்லவில்லை. அந்தப் பழியை அவர் மேல் யாரும் போட முடியாது. டீ கேத்தல், அழுகிற குழந்தை, பிக்அப் வண்டியின் ஸ்டியரிங், கோயிலில் ஜெபமாலை சொல்லும் முறை என்று எதுவாக இருந்தாலும், தன் கைக்கு வந்ததை இன்னொருத்தர் கையில் ஒப்படைக்க அவருக்கு மனசு வராது. பிறந்தநாள் விழாவில் கேக் வெட்டக் கத்தியைக் கொடுத்தால் கடைசித் துண்டு வரைக்கும் அவரே வெட்டிக்கொண்டு நிற்பார். பிறந்தநாள் பிள்ளை பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

அபுதாபிக்கு வெளியே முசாஃபாவில், பட்டறைகளுக்கு நடுவே ஒரு பழைய கட்டடத்தில் நாங்கள் குடியிருந்தோம். எங்களுக்கு மேல் மாடியில் ஒரு ரூமில் அவர் தனியாக இருந்தார். கட்டடமே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டது. தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் அவர் ஊரும் என் ஊரும் அடுத்தடுத்து இருந்ததால் நான் அவருக்குத் தங்கச்சி ஆனேன். அந்த முறையில் என் வீட்டுக்காரர் அவருக்கு மாப்பிள்ளை, இவருக்கு அவர் மச்சான். நான் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருந்தேன். ஆண்கள் இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே இரும்பு யார்டு.

"புடி நம்ம கையில இருக்கணும்" என்பது அவர் பேச்சில் உப்பு மாதிரி எதிலும் கிடக்கும். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. எங்கள் கிளினிக் டாக்டர் புதுக் கார் வாங்கி அவரை ஒருநாள் ஏற்றிக்கொண்டார். இறங்கும்போது அண்ணாச்சி கேட்டாராம்: "வண்டியே கியர் மாத்திக்கிடும்னா நீங்க எதுக்கு டாக்டர் உள்ள உக்காந்திருக்கீய?" டாக்டர் பாவம், அதை வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தார். ஊறுகாய்ப் பாட்டில், ஜாம் பாட்டில், துருப்பிடித்த கேஸ் வால்வு என்று கட்டடத்தில் எது திறக்கவில்லையென்றாலும் மேல் மாடிக்குத்தான் போகும். ஒரு திருகில் திறந்து கொடுப்பார். அந்தக் கைகளைப் பார்த்தாலே ஒரு தைரியம் வரும், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பயமும் வரும்.

பயத்துக்குக் காரணம் யான்பு கதை. சவூதியில் யான்பு துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில், கூட வேலை செய்தவன் கப்பல் அணையும் மேடையிலிருந்து கடலில் விழுந்துவிட, அவன் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை இவர் ஒற்றை ஆளாகப் பிடித்துக்கொண்டு நின்றாராம். கயிறு அறுத்த தழும்பு இரண்டு உள்ளங்கையிலும் இருந்தது. இந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறார், ஆனால் முடிவைச் சொல்ல மாட்டார். "புடிச்சிட்டே நின்னேன்" என்பதோடு நிறுத்திவிடுவார். முடிவை அங்கே அவரோடு இருந்த வேறொரு ஊர்க்காரர் எங்களிடம் சொன்னார். ஆள் செத்துவிட்டான் என்று தெரிந்த பிறகும், உடம்பை மேலே தூக்கிப் போட்ட பிறகும், இவர் கயிற்றை விடவில்லையாம். நாலு பேர் சேர்ந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார்களாம். அதைக் கேட்டதிலிருந்து, அவர் என் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும்போது என் கண் அவர் விரல்களையே பார்க்கும். 'விடு' என்ற ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. சண்டை விலக்கப் போகிறவர்கள், "விடுங்க அண்ணாச்சி" என்றால், அவர் கோபம் அவர்கள் மேல்தான் திரும்பும்.

யார்டில் அவர் கிரேன் ஆபரேட்டர். தண்டவாளத்தில் ஓடும் உயரமான கிரேன், உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, ஏணியில் ஏறித்தான் போக வேண்டும். கீழே நின்று கையால் சிக்னல் காட்டுகிறவர் என் வீட்டுக்காரர். இரும்புக் குழாய்க் கட்டுகளும் தகடுகளும் இவர் தலைக்கு மேலேதான் போகும், வரும். கல்யாணமான புதிதில் ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனபோது அதைப் பார்த்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணாச்சி கூண்டிலிருந்து இறங்கி வந்து எனக்கு விளக்கினார். இடது கை லீவரில் ஒரு பட்டன் இருக்கிறது. அதை அமுக்கிப் பிடித்திருக்கும் வரைதான் கிரேன் சொன்னபடி கேட்கும். ஆபரேட்டருக்கு மயக்கம் வந்தாலோ நெஞ்சு அடைத்தாலோ கை தளரும், பட்டன் விடுபடும், எல்லாம் நின்ற இடத்தில் நின்றுவிடும். "நான் செத்தாலும் உம்புருசன் மேல விழாது. போதுமா?" என்றார். எனக்குப் போதுமாகத்தான் இருந்தது.

கடன் நெருக்கடி வந்து துபாயில் கட்டடங்கள் பாதியில் நின்ற வருஷம் அது. வெள்ளைக்காரர்கள் வீட்டையும் வண்டியையும் அப்படியே போட்டுவிட்டு விமானம் ஏறினார்கள். ஷார்ஜாவில் பழைய வண்டி விற்கும் இடங்களில் யாரும் கனவு காணாத வண்டிகளெல்லாம் தூசி அடைந்து கிடந்தன. அண்ணாச்சி ஒருமுறை கார்னிஷ் கடற்கரை ரோட்டில் ஓர் அரபிப் பையன் மூன்று சக்கர மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்த்திருந்தார். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. ஊரில் ஓடும் ஆட்டோவைத் திருப்பிப் போட்டதுபோல் இருந்தாலும் ராஜா மாதிரி போகும். அன்றிலிருந்து அதே பேச்சு. அந்த வண்டி ஷார்ஜாவில் இரண்டு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் ஒரு வெள்ளிக்கிழமை எங்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சிவப்பு ஒன்று, சாம்பல் நிறம் ஒன்று. சிவப்பு வண்டி மேனுவல். மற்ற பைக் மாதிரி இடது கையில் கிளட்ச், இடது காலில் கியர். சாம்பல் வண்டி செமி ஆட்டோமேட்டிக். கிளட்ச் கம்பியே கிடையாது. இடது கைப்பிடியில் ஒரு சின்னப் பொத்தான். கட்டைவிரலால் தள்ளினால் மேல் கியர், ஆள்காட்டி விரலால் இழுத்தால் கீழ் கியர். மெதுவாகப் போனால் வண்டியே கியரை இறக்கிக்கொள்ளும். விற்பவர் ஒரு பட்டாணி, பாகிஸ்தான்காரர். இரண்டையும் காட்டி விளக்கினார். அண்ணாச்சி சாம்பல் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது பொம்பளைப் பிள்ளையளுக்கு" என்றார்.

"நானே வாங்கிக்கிடுதேன்" என்றேன்.

சிவப்பு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அவருடைய பெரிய உடம்புக்கு அது அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது. ஸ்டார்ட் செய்தார், கியர் போட்டார். வண்டி ஓர் உதறு உதறி நின்றது. மறுபடி போட்டார், மறுபடி நின்றது. மூன்றாவது முறை வண்டி முன்னால் பாய்ந்து ஒரு பழைய ஜீப்பின் பின்பக்கத்தை மோதப் போனது. பிரேக்கை மிதித்து நிறுத்தினார்.

"கிளட்ச் இறுகிப் போய்க் கெடக்கு" என்றார் அண்ணாச்சி. முகம் வேர்த்திருந்தது.

பட்டாணிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நஹி பாய். கிளட்ச் ஏக்தம் மக்கன் ஹை" என்றார். வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்கிறார். என் வீட்டுக்காரர் போய் அமுக்கிப் பார்த்து, "நல்லாத்தான மச்சான் இருக்கு" என்றார். பேசாமல் இருக்கிற ஜாதியில்லை நான். எட்டி, இரண்டே விரலால் அந்தக் கம்பியை இழுத்துப் பார்த்தேன். சத்தமில்லாமல் வந்தது.

நிமிர்ந்தபோது அண்ணாச்சி என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். இடது கையை எடுத்து மெதுவாகத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"சாம்பலையே எடுத்துக்கிடுவோம்" என்றார். "வயசாவுதுல்லா. டிராஃபிக்ல எவன் கிளட்ச்ச அமுக்கிட்டுக் கெடப்பான்."

என் வீட்டுக்காரர் கைதட்டிச் சிரித்தார். மச்சான் கடைசியில் மாடர்ன் ஆகிவிட்டார் என்று கட்டடம் முழுக்க அன்றைக்குக் கொண்டாட்டம், பிரியாணி. கேலி செய்யாத ஆளில்லை. அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. யான்பு கயிற்றைப் பிடித்த கைக்கு ஒரு பைக் கிளட்ச் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் அவர் கையையே கவனிக்க ஆரம்பித்தேன். தேடினால் எல்லாம் கிடைத்தது. கதவுச் சாவியை வலது கையால் திருப்பினார், இத்தனை நாளும் இடது கைக்காரர். சட்டையின் மேல் பொத்தான் திறந்தே கிடந்தது. எங்கள் வீட்டு ஊறுகாய்ப் பாட்டிலைக் கொடுத்தபோது, "மாப்ளைட்ட குடு, அவனும் வேலை செய்யட்டும்" என்றார். ஒருநாள் டீ குடிக்க வந்தவர் மேசையில் கையை வைத்தபோது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதை வற்றிப் பள்ளம் விழுந்திருந்ததைப் பார்த்தேன். முன்கையில் தோலுக்கு அடியில் புழு நெளிகிற மாதிரி ஏதோ துடித்துத் துடித்து அடங்கியது. அப்படி ஒரு கையை நான் படிக்கும் காலத்தில் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். அந்த நோயாளியின் கட்டில் நம்பர்கூட எனக்கு நினைவிருந்தது.

"அண்ணாச்சி, கையக் கொஞ்சம் காட்டுங்க."

"டூட்டி நேரத்துல மட்டும் நர்ஸா இரு தங்கச்சி" என்று கையை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டார். டீ பாதி கிளாஸ் அப்படியே இருந்தது.

அன்று என் வீட்டுக்காரரிடம், கிரேனில் மச்சான் எப்படி இருக்கிறார் என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். "அவருக்கென்ன, ஏணியில முழங்கையக் கொக்கி மாதிரிப் போட்டு ஸ்டைலா ஏறுதாரு" என்றார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே இன்னொன்றும் சொன்னார். "வேர்வையில லீவர் வழுக்குதாம். இடது லீவர் முழுக்கக் கறுப்பு டேப் சுத்தி வச்சிருக்காரு."

நான் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். "பட்டனுக்கு மேலயா?"

"ஆமா. எல்லாத்துக்கும் சேத்துத்தான்."

அப்படியானால் பட்டன் எப்போதும் அமுங்கியே இருக்கும். அவர் கை தளர்ந்தாலும் கிரேனுக்குத் தெரியாது. 'நான் செத்தாலும் உம்புருசன் மேல விழாது' என்று சொன்ன மனிதர் அந்த வாக்கைத் தன் கையாலேயே டேப் போட்டு மூடியிருந்தார். இதை நான் சொன்னபோது என் வீட்டுக்காரருக்குக் கோபம்தான் வந்தது. "ஒனக்கு எல்லாரும் பேஷண்டாத்தான் தெரிவான். மச்சான் கைய நம்பாம நான் யார் கைய நம்ப?" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். கடல்புரத்து ஆண்களிடம் இது ஒரு வியாதி. கூட வலை இழுத்தவனைச் சந்தேகப்படுவதைவிட மூழ்கிப் போவது அவர்களுக்கு மேல்.

மறு வாரமே இவரைக் கிரேனுக்குக் கீழே இருந்து எடுத்து ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றச் சொன்னது வேறு யாருமில்லை, அண்ணாச்சிதான். ஃபோர்மேனிடம் நேரே போய், இவன் வேண்டாம், வேறு ஆள் கொடு என்று கேட்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் உடைந்துபோய் வந்து உட்கார்ந்தார். "நான் என்ன தப்பு செஞ்சேன்? மூஞ்சியப் பாத்துச் சொல்லிருக்கலாம்லா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான், மறைக்கவில்லை. மாதாவுக்கு நன்றிகூடச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் புரிந்தது, அண்ணாச்சிக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் தன் ஆளைக் கீழே இருந்து நகர்த்தியிருக்கிறார். அந்த இடத்தில் இப்போது நிற்பது ஒரு நேபாளி. முதுகுவலிக்கு எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர். ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "தீரே தீரே, தீதி" என்று கெஞ்சுவார். மெதுவாகப் போடச் சொல்லி என்னை அக்கா என்று கூப்பிடுகிற ஆள். அண்ணாச்சியை நினைத்து அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கோயில் வளாகத்தில், அவர் தன் மூன்று சக்கர வண்டியின் பக்கத்தில் நின்றபோது போய் மறித்தேன்.

"என் வீட்டுக்காரர ஏன் மாத்தச் சொன்னீய?"

"வெயில்ல நின்னு கருத்துப் போயிட்டான். ஸ்டோர்ல ஏசி இருக்கு."

"அப்ப நேபாளிக்கு வெயில் அடிக்காதோ?"

அவர் வண்டிச் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் கையப் புடிங்க அண்ணாச்சி. இடது கையால. ஒங்களால முடிஞ்ச மட்டும் இறுக்கிப் புடிங்க."

பிடித்தார். பல்லைக் கடித்தார், கழுத்து நரம்பு புடைத்தது, தோள் நடுங்கியது. அத்தனை பாடும் விரலுக்கு வந்து சேரவே இல்லை. தூங்குகிற பிள்ளையின் கை மாதிரி அது என் கையின் மேல் கிடந்தது.

"வலிக்குதா?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி."

"பொய் சொல்லாத. வலிக்கும்."

"சத்தியமா இல்ல."

"நான் புடிச்சிட்டுத்தான் இருக்கேன் தங்கச்சி" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். "நாளைக்கு அந்த டேப்ப நீங்க பிரிக்கலேன்னா நான் சேஃப்டி ஆபீஸர்ட்டப் போவேன்." அதைச் சொன்னால் அவருக்கு வேலை போகும், விசா போகும், ஊரில் பாதியில் நிற்கும் வீடும் இரண்டு பெண்பிள்ளைகளின் படிப்பும் அப்படியே நிற்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். அவர் வண்டியில் ஏறினார். கிளட்ச் இல்லாத வண்டி, ஒரு விரல் தொட்டதும் சாதுவாகக் கிளம்பிப் போனது.

சனிக்கிழமை காலையில் கிளினிக்கில் எனக்குக் கை ஓடவில்லை. ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு ஓடினேன். மத்தியானம் என் வீட்டுக்காரர் சட்டையெல்லாம் கிரீஸோடு கிளினிக் வாசலில் வந்து உட்கார்ந்தார். நடந்ததை அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

குழாய்க் கட்டு மேலே ஏறியிருக்கிறது. பாதி உயரத்தில் ஓர் உலுக்கலோடு நின்றது. கொஞ்சம் நகர்ந்தது, மறுபடி நின்றது. பட்டனை அவர் விரல் பிடிக்கும் நேரம் மட்டும் நகரும், விரல் தளர்ந்ததும் நிற்கும். கீழே நேபாளி இரண்டு கையையும் வீசி என்ன என்ன என்று கேட்கிறார். யார்டு முழுக்க வேலையைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தது. அவ்வளவு இரும்பும் அந்தரத்தில் அசையாமல் நின்றது. வாக்கிடாக்கியில் அண்ணாச்சி குரல் வந்ததாம்: "எல்லாவனையும் தள்ளி நிக்கச் சொல்லு. ஸ்டோர்ல இருந்து எம்மாப்ளைய மேல அனுப்பு."

இவர் ஏறிப் போனபோது அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பிரித்த கறுப்பு டேப் சுருள் மடியில் கிடந்தது.

"மாப்ள, எறங்கணும். ஏணியில என் கை நிக்காது" என்றிருக்கிறார்.

இடுப்பு பெல்ட்டோடு பெல்ட்டைக் கட்டி, இவர் கீழே, அவர் மேலே, ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். மச்சானின் முழுப் பாரமும் தன் தோளில்தான் இருந்தது என்று சொல்லிவிட்டு, அந்தப் பெரிய ஆம்பிளை கிளினிக் வாசலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அது கைக்கு வந்த நோயில்லை என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். கைக்கும் காலுக்கும் நாக்குக்கும் கட்டளை கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும். அறிவு மட்டும் கடைசி வரை தெளிவாக இருக்கும். மருந்து மாஃபி, கிடையவே கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் என் வீட்டுக்காரர்தான் மூன்று சக்கர வண்டியை ஓட்டினார். அண்ணாச்சி பின்னால் உட்கார்ந்தார். யார் வண்டியிலும் அடுத்த இருக்கையில் சும்மா உட்காரத் தெரியாத மனுசன், வாயைத் திறக்காமல் மாப்பிள்ளையின் பெல்ட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு போனார். ஊருக்குக் கிளம்பிய அன்று வண்டிச் சாவியை எங்கள் வீட்டு மேசையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் டாக்ஸியில் ஏறினார்.

அடுத்த வருஷம் ஈஸ்டருக்கு ஊருக்குப் போன் போட்டேன். அவர் சம்சாரம் எடுத்து, அவர் காதில் வைத்தாள். பேச்சு குழறியது. ஒவ்வொரு சொல்லையும் நான் கூட்டித்தான் புரிந்துகொண்டேன்.

"மாப்ள வண்டி ஓட்டுதானா?"

"ஓட்டுதாரு அண்ணாச்சி."

"சும்மா போட்டா... பேட்டரி எறங்கிரும்."

"சொல்லுதேன்."

"நேபாளி?"

"நல்லா இருக்காரு. போன வாரங்கூட ஊசிக்கு வந்தாரு."

மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. அந்தப் பக்கத்தில் அவர் சம்சாரம் பேசியது கேட்டது. "என் கை கடுக்குது. இரிங்க, போனை இன்னொரு கைக்கு மாத்திக்கிடுதேன்."

"வேண்டாம்" என்றார் அண்ணாச்சி, அவளிடம். "விடு."